"இரண்டு டேங்க்தான் ஓடியது" என்று தலையில் கட்டப்பட்ட நைட்ரோ எஞ்சின்: பிரித்ததும் தெரிந்தவை

ஆர்.சி. (ரிமோட்டில் ஓடும்) மாடல்களில் வரும் நைட்ரோ எஞ்சின், அதாவது மெத்தனாலில் நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடுவது, ஒன்றைப் பழையதாக வாங்கியதன் கதை இது. விளம்பரத்தில் சொன்னது: ".28 எஞ்சின், இரண்டு டேங்க்தான் ஓடியது, கம்ப்ரஷன் கல்லு மாதிரி, விலை 9,000 ரூபாய்." கூரியரில் வந்தது: .21 எஞ்சின், தேய்ந்த ஸ்லீவ் (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை), துருவேறிய பின் பேரிங். விற்றவர் இப்போது போன் எடுப்பதில்லை, அவர் கதை அவ்வளவுதான். அந்த எஞ்சினில் அவர் செய்திருந்த வேலைகளைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும். பழைய ஆர்.சி. எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் அடுத்து சந்திக்கப்போவதும் இவற்றைத்தான்.

முதலில் அளவு. .21, .28 என்பவை கன அங்குலத்தில் எஞ்சினின் கொள்ளளவு. .21 முதல் .28 வரையிலான பெரிய எஞ்சின்கள் பல வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில் "28" என்று பொறித்திருந்தது. ஹெட்டைக் கழற்றி மாட்ட நான்கு ஸ்குரூ போதும், அந்த எழுத்தை நம்பி எதையும் வாங்கக் கூடாது. வெர்னியர் வைத்து ஸ்லீவின் உள்விட்டத்தை அளந்தால் 16.3 மி.மீ. வெர்னியரின் ஆழக்கம்பியை, எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்கின் துளை வழியே விட்டு, பிஸ்டன் மேலே நிற்கும்போதும் கீழே நிற்கும்போதும் அளந்து கழித்தால் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 16.8. விட்டத்தின் வர்க்கத்தை ஸ்ட்ரோக்கால் பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் 3.5 சி.சி. அதை 16.387-ஆல் வகுத்தால் கன அங்குலக் கணக்கு: 0.214. நிஜ .28 என்றால் 4.6 சி.சி. வந்திருக்க வேண்டும்.

அடுத்தது அந்தக் "கல்லு மாதிரி" கம்ப்ரஷன். பிளக்கைக் கழற்றி ஃப்ளைவீலைச் சுற்றியதும் துளையிலிருந்து கெட்டியான எண்ணெய் பீய்ச்சியடித்தது. தேய்ந்த சிலிண்டரில் கெட்டி ஆயிலை ஊற்றினால் பிஸ்டனுக்கும் ஸ்லீவுக்கும் நடுவே இருக்கும் சந்து சில சுற்றுகளுக்கு அடைபட்டுவிடும். வீடியோவில் ஃப்ளைவீல் திரும்ப மறுப்பதைப் பார்த்தால் புது எஞ்சின் போலவே தெரியும். அது போதாதென்று ஹெட்டுக்கு அடியில் ஒரு ஷிம் (மெல்லிய உலோக வளையம்) கூட இல்லை. ஷிம்மை எடுத்தால் எரியறை சுருங்கி கம்ப்ரஷன் கூடியது போலத் தோன்றும். மெல்லிய சால்டர் கம்பியை பிளக் துளை வழியே ஸ்லீவின் ஓரம் வரை நுழைத்து, எஞ்சினை ஒரு சுற்று சுற்றி, நசுங்கிய நுனியை அளந்தோம், அதுதான் மேல் முனையில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி: 0.3 மி.மீ. இந்த அளவு எஞ்சினில் பொதுவாக 0.5-க்குக் குறையக் கூடாது. இப்படியே 25, 30 சதவீத நைட்ரோ ஊற்றி ஓட்டினால் எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடித்து பிளக் கம்பி அறுந்துபோகும்.

எண்ணெயை பெட்ரோலால் கழுவிவிட்டு, பிளக் இல்லாமல் கையால் சுற்றிப் பாருங்கள். பிளக் இல்லாதபோது காற்று அழுத்தம் கிடையாது. ஆகவே மேல் முனையில் ஏதாவது பிடித்தால் அது உலோகம் உலோகத்தைப் பிடிப்பது, இதுதான் பிஞ்ச். ஏ.பி.சி. (அலுமினியப் பிஸ்டன், பித்தளை ஸ்லீவ், குரோம் பூச்சு) எஞ்சினில் குரோம் பூசிய பித்தளை ஸ்லீவ் மேலே போகப் போகக் குறுகும். சூடானதும் பித்தளை அலுமினியப் பிஸ்டனைவிடச் சற்றுக் கூடுதலாக விரிந்து, அந்தக் குறுகல் சரியான அளவுக்கு வந்து நிற்கும். குளிர்ந்திருக்கும்போதே மேல் முனையில் வழுக்கிக்கொண்டு போகும் எஞ்சின், சூடானால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் குளிர்ந்த எஞ்சின் "ஸ்டார்ட் ஆகும் வீடியோ" செல்லாது. தேய்ந்த எஞ்சினும் குளிரில் ஸ்டார்ட் ஆகும், பத்து நிமிடம் ஓடி நின்ற பிறகு ஆகாது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஒழுங்காக ஓடித் தேய்ந்த எஞ்சினில் பிஞ்ச் குறைந்திருந்தாலும் சூட்டில் கம்ப்ரஷன் நிற்கக்கூடும். பிஞ்ச் குறைவு என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம், சூட்டில் மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா என்பதுதான் தீர்ப்பு.

இந்த எஞ்சினுக்கு அந்தச் சலுகையும் இல்லை. எக்ஸாஸ்ட் வழியே டார்ச் அடித்தால், பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கீறல்கள். ஹெட்டைத் திறந்தால் எக்ஸாஸ்ட் துளைக்கு மேலே, சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு, குரோம் போய் பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்த்தது. ஏர் ஃபில்டர் இல்லாமலோ, கிழிந்த ஃபில்டரோடோ ஓட்டியிருக்கிறார்கள், உள்ளே போன மணல்தான் இதைச் செய்யும். குரோம் போன ஸ்லீவைச் சுருக்கி மறு பிஞ்ச் போட்டும் பயனில்லை.

எஞ்சினின் பின்மூடியான பேக்பிளேட்டைக் கழற்றினால், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்ப்பக்கம் தெரியும். ஃப்ளைவீலை அசையாமல் பிடித்துக்கொண்டு மூங்கில் குச்சியால் பிஸ்டனை மேலிருந்து அழுத்தி விட்டால் "டக்" என்று தட்டுப்படக் கூடாது. தட்டினால் ராடின் துளையில் இருக்கும் வெண்கல புஷ் தேய்ந்துவிட்டது. ராடு உடைந்தால் எஞ்சினின் உடலான கிராங்க்கேஸையும் சேர்த்துக் கொண்டுபோகும், அந்த நிலையில் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். பின் பேரிங்கைச் சுற்றினால் நறநறவென்றது, பந்துகளில் காவி நிறம். மெத்தனால் ஈரத்தை உறிஞ்சும், நைட்ரோ எரிந்த மிச்சம் அமிலத்தன்மை உள்ளது. ஓட்டிவிட்டு அப்படியே அலமாரியில் வைத்தால் முதலில் போவது பேரிங்தான்.

வெளிப்பக்கம் மட்டும் கறையில்லாமல் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. அதிலும் ஒரு வினை: காஸ்டிக் சோடா கலந்த கிளீனரில் முக்கியிருக்கிறார்கள், அலுமினியம் அரிக்கப்பட்டு மங்கிய சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தது. எரிபொருளில் கலந்து வரும் ஆமணக்கெண்ணெய் படிந்த கறையைப் போக்க கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டில் மிதமான சூட்டில் ஊறவைத்தாலே போதும். அதற்குத் தனிப் பாத்திரம் வேண்டும், சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள், அது விஷம்.

பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டியது: பிளக் கழற்றி ஃப்ளைவீலைக் கையால் சுற்றும் வீடியோ, எக்ஸாஸ்ட் வழியே பிஸ்டன் படம், பேக்பிளேட் திறந்த படம், வெர்னியர் வைத்த ஸ்லீவ் படம். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்து நிமிடம் ஓட்டி, ஹெட் சூடு 100 முதல் 115 டிகிரி காட்டி, அணைத்து, ஒரு நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யும் வெட்டாத வீடியோ. "பிரித்தால் செட்டிங் கலைந்துவிடும்" என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள். பேக்பிளேட்டுக்கும், எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் நீடிலுக்கும் சம்பந்தமே கிடையாது.

நல்ல எஞ்சின் கிடைத்தால் அதைக் காப்பாற்றுவது சிரமமில்லை. ஓட்டி முடித்ததும் டேங்க்கைக் காலி செய்து, ட்யூபில் மிச்சமிருப்பது எரிந்து தானாக அணையும்வரை விடுங்கள். பிளக்கைக் கழற்றி, துளையில் ஐந்து சொட்டு, கார்புரேட்டரில் ஐந்து சொட்டு ஆஃப்டர்-ரன் ஆயில் (ஓட்டிய பின் துருவைத் தடுக்க விடும் எண்ணெய்) விட்டு, ஸ்டார்டரால் பத்து விநாடி சுற்றி, பிஸ்டனைக் கீழ் முனையில் நிறுத்தி வையுங்கள். மேலே நின்றால் குளிரும்போது ஸ்லீவ் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பேரிங் மாற்றும்போது வெளிவிட்டத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். .21-இன் பின் பேரிங் 14 மி.மீ. உள்விட்டத்தில் 25.4, 25.8 என்று இரண்டு வகை உண்டு, மாற்றி வாங்கினால் பொருந்தாது.

வந்த எஞ்சினில் தேறியவை: கார்புரேட்டர், பேக்பிளேட், நான்கு ஹெட் ஸ்குரூ.