சுங்கை சிப்புட்டில் ரசிகர் புனைவு வகுப்பு: வகைகளில் தெளிவு, பாத்திரத்தில் அவசரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில், ஒரு மளிகைக் கடையின் மாடியறையில், இரண்டு சனிக்கிழமைகள் நடந்த ரசிகர் புனைவு (பிறர் படைத்த கதையையும் பாத்திரங்களையும் வைத்து ரசிகர்கள் எழுதும் கதை) எழுத்துப் பயிற்சிக்கு 80 வெள்ளி கட்டிச் சென்று வந்தேன். முதல் வாரம் கதை வகைகள், மறுவாரம் மூலக்கதையில் இல்லாத சொந்தப் பாத்திரத்தைப் படைப்பது என்று பிரித்திருந்தார்கள். முதல் வாரத்தில் எனக்குக் குறையே இல்லை. மறுவாரத்தைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வகை என்ற ஒரே சொல்லால் நாம் வெவ்வேறு காரியங்களைக் குறிக்கிறோம் என்பதைப் பயிற்றுநர் தொடக்கத்திலேயே தெளிவாக்கினார். மூலப் பாத்திரங்களை வேறோர் உலகில் வைத்துப் பார்க்கும் மாற்றுலகக் கதை என்பது களத்தைப் பொறுத்தது. ஒருவர் துன்பப்பட மற்றவர் தேற்றும் 'துன்பமும் தேற்றலும்' என்பது உணர்ச்சியைப் பொறுத்தது. டிராபிள் என்பது சரியாக 100 சொற்களில் முடிய வேண்டிய அளவைப் பொறுத்தது. ஆகவே ஒரே கதை இம்மூன்றாகவும் இருக்கலாம். மூலக்கதையோடு ஒரு கட்டம் வரை வந்து அங்கிருந்து திசைமாறும் கதையையும் மாற்றுலகக் கதை என்றே எண்ணியிருந்தவர்களில் நானும் ஒருத்தி. அது வேறு வகை என்று காட்ட அவர் புதுமைப்பித்தனின் 'சாபவிமோசன'த்தை எடுத்துக்காட்டினார். இராமன் சீதையைத் தீக்குளிக்க வைத்தான் என்று கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். உலகம் அதேதான், கதை மட்டும் வேறு வழியில் போகிறது. (அதைப்போய் ரசிகர் புனைவு என்பதா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்க, அந்த வாதத்திலேயே தேநீர் ஆறிப்போனது.)

மாற்றுலகத்துக்கான பயிற்சியாக, கல்கியின் வந்தியத்தேவனை நம் ஊர்ப் பால்மரக் காட்டுக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்கு, கொண்டுவரச் சொன்னார். குதிரை சைக்கிளாயிற்று, ஓலை தோட்டத்துக் கணக்கரான கிராணிக்குக் கொடுக்க வேண்டிய கடிதமாயிற்று, பெரிய பழுவேட்டரையர் விடியற்காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) அதட்டும் பெரிய கங்காணியானார். உடையும் ஊரும் மாறினாலும் ஆளின் குணம் மாறக்கூடாது என்ற விதி, அந்த அரைமணி நேரத்தில் விளக்கமில்லாமலே எல்லோருக்கும் விளங்கிற்று.

மறுவாரமும் நன்றாகவே தொடங்கியது. ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர் கதைகளைக் கேலி செய்து 1973இல் பாலா ஸ்மித் எழுதிய குறுங்கதையின் நாயகி மேரி சூ, பதினைந்தரை வயதிலேயே லெப்டினன்ட் ஆகி எல்லாவற்றிலும் கெட்டிக்காரியாக விளங்குகிறாள். குறையே இல்லாத சொந்தப் பாத்திரத்துக்கு அவள் பெயரே வழங்கலாயிற்று. இதைச் சொன்ன கையோடு 60 கேள்விகள் அச்சிட்ட ஒரு படிவத்தை நீட்டி, நிரப்பச் சொல்லி விட்டார்கள். பிடித்த நிறம், பிறந்த நட்சத்திரம், கண்ணின் வடிவம் என்று எல்லாம் இருந்தன. பாத்திரத்துக்கு என்ன வேண்டும், அதைத் தடுப்பவர் யார் என்ற இரண்டும் இல்லை. கேள்வி கேட்க எஞ்சியது பத்தே நிமிடம்.

என் பாத்திரம் அஞ்சலை, ஆயா கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள். படிவத்தை முழுக்க நிரப்பிய பிறகும் அவள் அசையவில்லை. வீட்டுக்கு வந்து, படிக்கத் தெரியாதவள் என்று நம்பித்தான் வந்தியத்தேவன் கடிதத்தை அவளிடம் ஒப்படைக்கிறான், ஆனால் பிள்ளைகளின் சிலேட்டைப் பார்த்து அவள் எழுத்துக் கூட்டக் கற்றிருக்கிறாள் என்று எழுதிப் பார்த்தேன். உடனே கதை நகர்ந்தது. கடிதத்தில் தன் லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) காலி செய்யச் சொல்லும் உத்தரவு இருப்பதை அவள் படித்துவிடுகிறாள். வந்தியத்தேவனின் துணிச்சலை மழுங்கடிக்காமலே அவளுக்கென்று ஒரு காரியம் கிடைத்துவிட்டது. மூலப் பாத்திரங்களை மட்டம் தட்டித் தன் ஆளை உயர்த்துவதே மேரி சூவின் உண்மையான கோளாறு என்பது என் எண்ணம். இதை வகுப்பிலேயே நாலு பேர் கதையை வைத்துச் செய்து காட்டியிருக்கலாம்.

12 பக்கக் கையேடு நல்ல தமிழில் இருக்கிறது. அறையில் ஒரே மின்விசிறி, பிற்பகலில் புழுங்கும். முதல் சனிக்கிழமைக்கு மட்டும் 45 வெள்ளி கட்டிச் சேரலாம் என்கிறார்கள். வகைகளில் குழப்பமுள்ளவர்கள் அப்படியே சேரலாம்.