நாற்பது ரூபாய் பெல்ட்

எட்டு வருஷத்தில் மூன்றாவது முறையாக என் சிடி பிளேயரின் டிரே பெல்ட்டை (சிடி வைக்கிற தட்டை வெளியே தள்ளும் ரப்பர் வளையம்) மாற்றிவிட்டு, விரலில் கிரீஸ் போவதற்குள் எழுதுகிறேன். கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். நேற்றுதான் நண்பன் போன் பண்ணி, "சிடி பிளேயர் வாங்கப் போறேன், புதுசா செகண்ட் ஹேண்டா?" என்று கேட்டான். நேரம் பார்த்துக் கேட்டான்!

என்னுடையது ஜப்பானில் ஓடிய பழைய பிளேயர். அங்கே கரண்ட் 100 வோல்ட், அதனால் கூடவே நம்மூர் 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்க ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். வீட்டுக்கு வந்த புண்ணியவான் ஒருவர், பிளக் கழன்று கிடக்கிறதே என்று நேராக 230-இல் செருகினார். பியூஸோடு போச்சு. அதை மன்னித்துவிட்டேன்.

மன்னிக்க முடியாதது அந்த டிரே. ஓபன் அழுத்தினால் உள்ளே மோட்டார் 'கிர்ர்' என்று சுற்றும், டிரே நகராது. வெளியே வருவதற்கு முன் சிடியை மேலிருந்து பிடித்திருக்கும் காந்த மூடியைத் தூக்கியாக வேண்டும். பெல்ட் தளர்ந்திருந்தால் அங்கேயே வழுக்கிவிடும். இந்தத் தடவை மாட்டிக்கொண்டது எம்.டி. ராமநாதன் கச்சேரி. அவர் விளம்ப காலத்துக்கு, அதாவது நிதானமாகப் பாடுவதற்குப் பேர்போனவர்தான், அதற்காக இரண்டு நாளா?

மூடியைத் திறந்தால், பெல்ட் பளபளவென்று எண்ணெய் வழிந்த மாதிரி. விலை என்னவோ நாற்பது ரூபாய்தான். சரியான அளவு தேடி ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்த அலைச்சல்தான் பெரிது. முதல் தடவை டேப்ரெக்கார்டர் பெல்ட்டைப் போட்டு ஒப்பேற்றினேன். அது ஒரு வருஷம்கூட உழைக்கவில்லை. இப்போது பெல்ட் சுற்றுகிற சக்கரமான புல்லியை ஸ்பிரிட்டால் துடைத்து, டிரே நகரும் தண்டவாளத்தில் கட்டிப்போன பழைய கிரீஸைச் சுரண்டிவிட்டுப் போட்டிருக்கிறேன். டிரே வெளியே வருகிற அழகு! கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டு நீட்டுகிற மாதிரி சத்தமில்லாமல், அவசரமில்லாமல்.

தங்கை வீட்டில் புதுசு இருக்கிறது. அதன் டிரேயைத் தொடவே பயம், பிஸ்கட் மாதிரி உடைந்துவிடுமோ என்று. ஆனால் பென் டிரைவ் பாடும், அழித்து எழுதுகிற சிடி-ஆர்டபிள்யூவும் படிக்கும், வாரண்டி உண்டு. என்னுடையது ஆர்டபிள்யூவைப் போட்டால் முழிக்கும். சத்தம்? 1982-இல் வந்த முதல் பிளேயர் படித்ததும் அதே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலி பதிந்த சிடிதான். இரண்டையும் ஒரே ஆம்ப்பில் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டோம். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்தது என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

பழசுதான் வேண்டும் என்றால், பார்க்கப் போகும்போது எழுபது நிமிஷத்துக்கு மேல் ஓடுகிற சிடி ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது. லென்ஸை நகர்த்துகிற பல்சக்கரத்தில் கோளாறு இருந்தால் பல சமயம் ஓரத்தில்தான் வெளிப்படும். விற்பவர் முதல் பாட்டை மட்டும் போட்டுக் காட்டி முடிக்கப் பார்ப்பார், விடாதீர்கள். அப்புறம் டிரேயைப் பத்துத் தடவை திறந்து மூடுங்கள். அவர் முகம் மாறினாலும் பரவாயில்லை.

நண்பனிடம் "பேசாம புதுசு வாங்குடா" என்று சொல்லிவிட்டேன். "அப்போ உன்னோடதை எனக்குக் கொடுத்துடேன், நல்ல விலை தர்றேன்" என்றான்.

அது வேற விஷயம் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.