மாசா மாசம் வர்ற எலக்ட்ரானிக்ஸ் டப்பா: பிரிச்சுப் பாத்ததுல தெரிஞ்சது

அக்கா மகன் எட்டாவது படிக்கிறான், வீட்ல ரிமோட்டு, சுவர்க்கடிகாரம்னு எது கெடச்சாலும் ஸ்க்ரூவக் கழட்டிப் போட்டுர்றான், சரி இவன் கழட்டிப் பூட்டுறதுக்குன்னே எதையாவது வாங்கிக் குடுப்போம்னுதான் இந்தக் கிட்டுக்கு பணம் கட்டுனேன். மாசம் 699 ரூவா, மூணு மாசத்துக்கு மொத்தமா கட்டுனா 1,899. கம்பெனி பேரு வேணாம், கொறைதான் நெறைய சொல்லப்போறேன்.

மொத டப்பா மதுரை பழங்காநத்தத்துக்கு வந்து சேர எட்டு நாளாச்சு. அட்டைப்பெட்டி என்னமோ ஸ்வீட் கடை டப்பா மாதிரி அம்புட்டு அழகா இருந்துச்சு. உள்ள 400 ஓட்டை பிரெட்போர்டு (பாகத்த ஓட்டைல குத்தியே சர்க்யூட் போடுற பலகை), ஜம்பர் ஒயரு, துடிப்பு குடுக்குற 555 ஐசி ஒண்ணு, அந்தத் துடிப்ப எண்ணி எல்இடிய ஒண்ணொண்ணா மாத்துற 4017 ஐசி ஒண்ணு, பத்து எல்இடி, ரெசிஸ்டர் ஒரு கொத்து, கெப்பாசிட்டர் நாலஞ்சு, 9 வோல்ட் பேட்டரி, அதுக்கு கிளிப்பு. பத்து எல்இடியும் வரிசையா ஒண்ணு மாத்தி ஒண்ணு எரியணும், அதான் மொத மாசத்து வேலை.

மொதல்ல கண்ணுல பட்டது ஐசி ரெண்டையும் சும்மா வெள்ளை தெர்மாகோல்ல குத்தி வச்சிருந்தது. 555-க்குப் பரவால்ல, அது தாங்கும், ஆனா 4017 சீமாஸ் (CMOS) வகை ஐசி, கையிலயும் தெர்மாகோல்லயும் தேங்குற ஸ்டாட்டிக் கரண்டுக்கே செத்துரும், அதக் கரண்டு கடத்துற கருப்பு ஸ்பாஞ்ச்லதான் குத்தி அனுப்பணும். நல்லவேளை எங்களுக்கு வந்தது உசுரோடதான் இருந்துச்சு.

அடுத்தது ரெசிஸ்டர். எத்தன ஓம்னு காட்டுற நாலு கலர்க் கோட்டப் பத்தி மேனுவல்ல படம் போட்டு பொறுமையா சொல்லிக் குடுத்துருக்காங்க, மொத மூணு கோடு பிரவுன், பிளாக், ஆரஞ்சுன்னா 10 கிலோஓம்னு, பய அத மனப்பாடமே பண்ணிட்டான், டப்பாவத் தொறந்தா வந்திருக்கறது பூராம் அஞ்சு கோடு போட்ட நீலக்கலர் ரெசிஸ்டர்! அதுல 10 கிலோஓம்னா பிரவுன், பிளாக், பிளாக், ரெட், பிரவுன். அந்த நீல ஒடம்புல டியூப்லைட் வெளிச்சத்துல எது ரெட்டு எது பிரவுன்னு எனக்கே தெரியல, கடைசில மல்டிமீட்டர வச்சுத்தான் பிரிச்சோம். மீட்டர் இல்லாத வீட்ல என்ன பண்ணுவாங்க? மேனுவல் வேற முழுக்க இங்கிலீஷு, இவன் தமிழ் மீடியம், நான் பக்கத்துல ஒக்காந்து வரி வரியா சொல்ல வேண்டியதாப் போச்சு.

ஒண்ணு சொல்லணும், சொல்லிக் குடுத்ததுல எனக்கே சந்தோசம்தான். 555 எப்படி வேலை செய்யுதுனு அவனுக்கு மொட்டைமாடி சின்டெக்ஸ் டேங்க வச்சு சொன்னேன்: கெப்பாசிட்டர்தான் டேங்கு, வோல்டேஜ் ஏறி பேட்டரி வோல்டேஜுல மூணுல ரெண்டு பங்கு வந்த உடனே 555 ஏத்துறத நிப்பாட்டி வடிய விடும், மூணுல ஒரு பங்குக்கு எறங்குனா மறுபடி ஏத்தும், இப்டி ஏறி எறங்குறதுதான் துடிப்பு. உள்ள மூணு 5 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்கு, அதான் 555-னு பேருனு மேனுவல்ல போட்டுருக்கான், ஆனா 1971-ல அத டிசைன் பண்ண ஹான்ஸ் காமன்சிண்டே அது சும்மா வச்ச நம்பர்னுதான் சொல்லிருக்காரு. அடுத்த வருசம் சிக்னெட்டிக்ஸ் கம்பெனி கடைக்கு கொண்டு வந்தது, இன்னைக்கு வரைக்கும் அதே எட்டு காலோட ஓடிட்டு இருக்கு.

மேனுவல் கணக்குப்படி ஒன்றரை செகண்டுக்கு ஒரு துடிப்பு, அப்ப பத்து எல்இடியும் ஒரு ரவுண்டு வர 15 செகண்டு ஆகணும். போட்டோம், ஒன்றரை செகண்டுலயே ரவுண்டு முடிஞ்சிருச்சு. ஒயரிங்க மூணு தடவ சரிபாத்தேன், தப்பே இல்ல. பெறகு கெப்பாசிட்டரத் திருப்பிப் பாத்தா 10 மைக்ரோஃபேரட் இருக்க வேண்டிய எடத்துல 1 மைக்ரோஃபேரட் அனுப்பி வச்சிருக்கானுங்க, டேங்கு பத்துல ஒரு பங்கு, அதான் பத்து மடங்கு வேகம். எனக்கு எரிச்சல், பயலுக்கோ கொண்டாட்டம், "மாமா இதுதான் நல்லாருக்கு, சித்திரைத் திருவிழா சீரியல் செட்டு மாதிரி ஓடுது"ங்கிறான்.

கஸ்டமர் கேருக்கு வாட்ஸப்ல போட்டோ அனுப்புனேன், நாலு நாள் கழிச்சு அடுத்த டப்பாவுல சேத்து அனுப்புறோம்னு பதில். அனுப்பவும் செஞ்சாங்க, ரெண்டு பீஸ், அத ஒத்துக்கணும். அதுவரைக்கும் காத்திருக்க முடியாம நானும் அவனும் ஸ்டேஷன் எதுத்தாப்ல டவுன்ஹால் ரோட்டுக்குப் போனோம். கடைக்காரரு "ஒண்ணு என்னத்துக்குத் தம்பி, பத்தா எடுத்துக்க"ன்னு இருவது ரூவாய்க்கு பத்து குடுத்துட்டாரு. சும்மா டப்பா லிஸ்டு முழுசையும் சொல்லி வெல கேட்டேன், 350 ரூவாய்க்குள்ள முடிஞ்சிருச்சு.

அதுக்காக ஏமாத்துறானுங்கன்னு சொல்ல மாட்டேன். கவுண்டர்ல போய் நின்னு "4017 குடுங்க"ன்னு கேக்க அந்தப் பேரு தெரியணும்ல, மிச்சக் காசு அதுக்குத்தான். பேரு தெரிஞ்சுட்டா டப்பாவுக்கு வேலை இல்ல.

ரெண்டாவது டப்பா குட்டி சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிக்கிற மோட்டார்), 555-ஐ வச்சே அதத் திருப்பணும். இதுக்கும் அதே 9 வோல்ட் பேட்டரி, நடுவுல அத 5 வோல்ட்டாக் கொறைக்கிற 7805 ஐசி. இது மட்டும் சுத்தமா தப்பு. சர்வோ தெணறும்போது அரை ஆம்பியருக்கு மேல இழுக்கும், அந்த சின்ன பேட்டரிக்கு ஏது அம்புட்டு தெம்பு, மோட்டார் திரும்பாம வெடவெடனு நடுங்குச்சு. பழைய 5 வோல்ட் போன் சார்ஜர் கேபிள வெட்டி, செவப்ப பிளஸ்ஸுக்கும் கருப்ப கிரவுண்டுக்கும் குடுத்தேன், 7805-ஐக் கழட்டி வச்சுட்டேன், ஜம்முனு திரும்புது.

அஞ்சுக்கு ரெண்டரை. ஒங்க வீட்ல மீட்டரும், வெவரம் தெரிஞ்ச மாமாவோ சித்தப்பாவோ யாராச்சும் இருந்தா மூணு மாசம் வாங்கலாம், அதுக்கு மேல வேணாம். மூணாவது டப்பா இன்னும் வரல, பய அதப்பத்திக் கேக்கவும் இல்ல. போன ஞாயித்துக்கெழம அவனே ஒரு பேப்பர்ல பாகம் பூராம் எழுதி எடுத்துட்டு டவுன்ஹால் ரோட்டுக்குக் கெளம்பச் சொன்னான், கடைசி வரில 25 வாட் சால்டரிங் அயன்னு இருந்துச்சு. அக்காகிட்ட இன்னும் சொல்லல.