குரூகரா, எட்டோஷாவா? நாமே காரோட்டிப் போகும் சஃபாரிக்கு எது சரி?

வழிகாட்டி இல்லாமல் தாமே காரோட்டிச் சவன்னாப் புல்வெளியைச் சுற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவுக்கும் நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவுக்கும் இடையில்தான் தடுமாறுவார்கள். இரண்டு நாட்டிலும் நம்மூர் மாதிரியே இடப்பக்க ஓட்டம். இரண்டு பூங்காவும் ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. ஆனால் குரூகரில் விலங்கைத் தேடிப் போக வேண்டும். எட்டோஷாவில் அது வரும்வரை காத்திருக்க வேண்டும்.

குரூகரின் முக்கியச் சாலைகள் தார்ச்சாலைகள். சின்னக் கார் போதும். தாரில் 50, மண்சாலையில் 40 கி.மீ. வேகம்தான் வரம்பு. அதையும் 25க்குக் குறைத்தால்தான் புதருக்குள் நிற்பது கண்ணில் படும். ஒரு நாளைக்கு 120 கி.மீ.க்கு மேல் திட்டம் போட்டால், தங்கும் முகாமின் கதவு சாத்துவதற்குள் போய்ச்சேரும் பதற்றத்தில் எதையும் பார்க்க முடியாது. ஸ்குகூசா முகாமிலிருந்து லோயர் சாபி முகாம் வரை ஆற்றோரம் போகும் எச்4-1 சாலை சிறுத்தைக்குப் பேர்போனது. கதவு திறந்ததும் கிளம்பி, பெரிய மரங்களின் கிடைக்கிளைகளை நிதானமாகப் பாருங்கள்; பலசமயம் தொங்கும் வால்தான் முதலில் தெரியும். சிங்கத்துக்கு சடாரா முகாம் பக்கம் போகலாம். ஆனால் சிங்கம் படுத்திருக்கும் இடத்தில் கார்கள் மொய்த்துவிடும், அதுதான் குறை.

எட்டோஷாவின் நடுவே சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் உப்புப் படுகை. அதன் தெற்கு விளிம்பில்தான் ஊற்றுகளும் நீர்நிலைகளும் இருக்கின்றன. ஜூன் முதல் அக்டோபர் வரை வேறெங்கும் தண்ணீர் இருக்காது என்பதால் யானை, வரிக்குதிரை, சிங்கம் எல்லாம் அங்கேதான் வந்தாக வேண்டும். வெயில் முதுகுப்பக்கம் விழுகிற மாதிரி, சன்னல் தண்ணீரைப் பார்க்கக் காரை நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். ஓடும் இன்ஜினின் அதிர்வு படத்தைக் கலங்கடிக்கும். ஒரு மணி நேரமாவது அசையாதீர்கள். ஒக்காகுயேயோ முகாமின் நீர்நிலைக்கு இரவிலும் விளக்கு உண்டு. கறுப்புக் காண்டாமிருகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்க்க அதைவிட நல்ல இடம் சொல்வது கடினம். நீர்யானையும் காட்டெருமையும் இங்கே கிடையாது.

எட்டோஷாவில் கவனம் வேண்டியது சக்கரத்தில். முகாம்களுக்கு இடையே வெள்ளைச் சரளைச் சாலை. கற்கள் பேரிங் குண்டுகள்போல் உருளும். வளைவில் திடீரென்று பிரேக் அடித்தால் வண்டி வழுக்கும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறையுங்கள். டயர்க் காற்றைக் கொஞ்சம் இறக்கி, தாருக்குத் திரும்பியதும் ஏற்றிக்கொள்ளுங்கள். டயருக்கும் கண்ணாடிக்கும் காப்பீடு உண்டா என்று வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். பல ஒப்பந்தங்களில் இருக்காது. ஸ்டெப்னி, ஜாக்கி இரண்டையும் திறந்து பார்த்தபிறகே கிளம்புங்கள்.

இரண்டிலும் குறித்த இடங்கள் தவிர வேறெங்கும் காரைவிட்டு இறங்கக் கூடாது. கன்னத்தில் மதநீர் வழிய ஒற்றை ஆண் யானை எதிரே வந்தால் தூரத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள், ஹாரன் அடிக்காதீர்கள். இரண்டுமே மலேரியாப் பகுதி, மழைக்காலத்தில் ஆபத்து கூடும். மருந்துபற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

முதல் பயணம் என்றாலோ குழந்தைகள் கூட வந்தாலோ குரூகர்தான். படம் எடுப்பவருக்கு, அதுவும் ஆகஸ்ட், செப்டம்பரில் விடுப்பு கிடைத்தால், எட்டோஷா. ஜனவரி, பிப்ரவரிதான் தோது என்றால் எட்டோஷாவைத் தள்ளிப்போடுங்கள். மழைநீர் எங்கும் தேங்கி விலங்குகள் சிதறியிருக்கும், நீர்நிலையில் காத்திருந்து பயனில்லை.