அப்பத்தாவின் பட்டன் போன்: நோக்கியா 105

தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் சேயும் நலம். வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவில் படத்தைப் போட்டதுமே ஸ்டிக்கர்கள் குவிந்துவிட்டன. அந்தக் குழுவில் இல்லாதவர் எங்கள் அப்பத்தா மட்டும்தான். தேவகோட்டையில் இருக்கும் அவர் வைத்திருப்பது நோக்கியா 105, 2023-இல் வந்த மாடல். இந்த விமர்சனம் அந்த போனுக்கு.

அறிமுக விலை 1,299 ரூபாய். 1.8 அங்குலத் திரை, 1000 எம்ஏஎச் பேட்டரி. கேமரா இல்லை, வாட்ஸ்அப் இல்லை. தலையில் டார்ச் உண்டு. கரண்ட் போகும் வீட்டில் அது போதும். ஹெட்செட் மாட்டாமலே எஃப்எம் பாடும். யூபிஐ-யில் பணம் அனுப்பும் வசதியும் இருக்கிறது, அப்பத்தா அதைச் சீண்டவே மாட்டார். சுருக்குப்பைக்குக் கொடுத்த மரியாதையை வேறு எதற்கும் தர மாட்டார்.

எனக்குப் பிடித்தது ஸ்பீட் டயல். 2-ஐ அழுத்திப் பிடித்தால் என் போன் அடிக்கும். இந்த முறை நானே கூப்பிட்டேன். பெண் குழந்தை என்றதும், "முடி இருக்காடா?" என்றார். நிறைய இருக்கிறது என்றேன். "அப்ப அவ அம்மா மாதிரிதான். புள்ள அழுகுற சத்தமே கேக்கலையே?" போனைத் தொட்டில் பக்கம் கொண்டுபோனேன். அவர் பக்கம் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நல்ல சத்தம் அதற்கு. வீறிட்டது கேட்டதும், "கொரலு கணீர்னு இருக்கு" என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்வது எனக்கே கேட்டது. குழுவில் படம் பார்த்தவர்களில் யாரும் இவ்வளவு விசாரிக்கவில்லை.

அப்புறம், குறை. இது பழைய தலைமுறை நெட்வொர்க்கான 2ஜி-யில் மட்டும் ஓடும் போன். ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது என்பதால் அந்த சிம் இதில் வேலை செய்யாது. வேறு சிம்தான் போட வேண்டும். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-இல், அப்போதைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுக்குப் பேசியது. அப்போது வருகிற அழைப்புக்கும் காசு. அதன் 25-ஆம் ஆண்டு விழாவில், 2020-இல், 2ஜி-யை மூட வேண்டும் என்று ஜியோவின் முகேஷ் அம்பானி பேசினார். நாளைய போன் கண்ணாடியாக வருமா, மோதிரமாக வருமா என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். என் கவலை 2ஜி டவரைப் பற்றியது. இந்த போன் கீழே விழுந்தாலும் எழுந்துகொள்ளும், சிக்னல் நின்றுவிட்டால் வெறும் டார்ச்தான்.

4ஜி பட்டன் போன்களும் இருக்கின்றன. 2023-இல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் அப்படி ஒன்று, ஆனால் அதில் ஜியோ சிம் மட்டும்தான் ஓடும். இப்போது புதிதாக வாங்குகிறவர்கள் 4ஜி-யாகவே பார்த்து வாங்கிவிடுங்கள். அப்பத்தா கையில் இருப்பதற்கு 5-க்கு 4. குறைத்த அந்த ஒன்று 2ஜி-க்காக. கேமரா இல்லாததற்கு நான் குறைக்கவில்லை.