கோட் ஸ்டாண்டும் குடையும்: அஸ்டேர், கெல்லி யார் பக்கம்?

ஹாலிவுட்டின் பழைய இசைப் படங்களில் ஆடிய பிரெட் அஸ்டேர், ஜீன் கெல்லி இருவரில் யார் பெரிய ஆட்டக்காரர் என்பது ரசிகர்களின் பழைய சண்டை. 1951-ல் வந்த 'ராயல் வெட்டிங்' படத்தில் ஜோடிப் பெண் ஒத்திகைக்கு வராமல் போகிறாள். பிரெட் அஸ்டேர் அங்கிருந்த கோட் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு ஆட ஆரம்பிக்கிறார். அடிப்பலகையைக் காலால் லேசாக அழுத்தினால் போதும், அது சாய்ந்து அவர் கைக்கே வந்து சேரும். கொஞ்ச நேரத்தில், ஸ்டாண்டுக்கும் நன்றாகத்தான் ஆட வருகிறது என்று நமக்கே தோன்றிவிடும்.

அடுத்த வருடம் 'சிங்கின் இன் த ரெயின்'. ஜீன் கெல்லி கையில் குடை, மேலே கொட்டும் மழை. அவரோ குடையை மடக்கிவிடுகிறார். விளக்குக் கம்பத்தில் தாவுகிறார், குழாயிலிருந்து கொட்டும் தண்ணீரில் தலையைக் கொடுக்கிறார், தெருவில் தேங்கிய நீரில் சின்னப் பையன் மாதிரி குதிக்கிறார். போலீஸ்காரர் வந்து முறைத்த பிறகுதான் அடங்குகிறார். படப்பிடிப்பு அன்று கெல்லிக்குக் கடும் காய்ச்சல் வேறு.

இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் இதிலேயே தெரிந்துவிடும். அஸ்டேர் உழைப்பை ஒளித்து வைப்பார். பல வாரம் ஒத்திகை பார்த்ததை, இப்போதுதான் தோன்றியது போல ஆடுவார். கெல்லி உழைப்பைக் காட்டுவார். முழங்கால் மடங்கியிருக்கும், தோள் விரிந்திருக்கும், தரையை உதைத்து எழுவது தெரியும். அவர் பிட்ஸ்பர்கில் ஹாக்கி ஆடி வளர்ந்தவர். உடையும் அப்படித்தான்: அஸ்டேருக்கு டாப் ஹாட் என்ற உயரத் தொப்பியும் வால்கோட்டும், கெல்லிக்கு சுருட்டிவிட்ட சட்டைக் கையும் வெள்ளை சாக்ஸும். அஸ்டேர் நேர்த்தியான நடிகர் கேரி கிராண்ட் மாதிரி என்றால் நான் முரட்டு நடிகர் மார்லன் பிராண்டோ மாதிரி என்ற பொருளில் கெல்லியே சொன்னதுண்டு.

கேமரா விஷயத்தில் அஸ்டேர் கறார். தலை முதல் கால் வரை தெரிய வேண்டும், இடையில் வெட்டக் கூடாது. கெல்லி கேமராவையும் சேர்த்து ஆட வைத்தார். 1945-லேயே கார்ட்டூன் எலி ஜெர்ரியோடு ஆடிவிட்டார்.

ஜோடி நடனம் என்று வந்தால் எனக்கு அஸ்டேர்தான். கெல்லியின் பக்கத்தில் யார் ஆடினாலும் என் கண் கெல்லியிடமே போகிறது. அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். அஸ்டேரோ ஜோடியைப் பார்க்க வைப்பார். இருவருடனும் ஆடிய நடிகை சிட் சரிஸ், உடம்பில் கன்றிப்போயிருந்தால் அன்று கெல்லியோடு ஆடியிருக்கிறேன், ஒரு கீறலும் இல்லை என்றால் அஸ்டேரோடு என்று வேடிக்கையாகச் சொல்வாராம். தனி ஆட்டம் என்றால் கெல்லிக்கு ஓட்டுப் போடுவேன், அந்த கோட் ஸ்டாண்டை மட்டும் விட்டுவிட்டு.

அப்புறம் ஒன்று. இந்தச் சண்டையில் எப்போதும் விட்டுப்போகும் பெயர் நிக்கலஸ் சகோதரர்கள். கறுப்பினக் கலைஞர்கள் என்பதால் அவர்களுடைய நடனங்களைக் கதையோடு ஒட்டாமல் எடுத்தார்கள். அமெரிக்காவின் தென் மாகாணத் தியேட்டர்களில் கத்தரித்துவிட வசதியாக. 1943-ல் வந்த 'ஸ்டார்மி வெதர்' படத்தில் இருவரும் பெரிய படிக்கட்டில் இறங்குவார்கள். ஒருவர் தலைக்கு மேல் இன்னொருவர் தாண்டி, அடுத்த படியில் காலை நேராக விரித்தபடி விழுவார். அவர் எழுவதற்குள் மற்றவர் தாண்டிவிடுவார். படி முடியும் வரை இதேதான். அதைப் பார்த்து அசந்துபோனவர்களில் அஸ்டேரும் ஒருவர்.