ஒபிஏ2134 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள்

கொழும்பில் இருந்துகொண்டு முகநூல் வழியாக இலத்திரனியல் உதிரிப்பாகம் விற்கும் ஒருவர், ஒலிச் சுற்றுகளில் பெருக்கியாகப் பயன்படும் ஒபிஏ2134 ஐசி (OPA2134) என்று சொல்லி வேறொரு மலிவான ஐசியை எனக்கு அனுப்பிவைத்தார். யாழ்ப்பாணத்தில் மொடியூல், மிக்சர், அம்பிளிபயர் என்று எதையாவது கட்டுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட பக்கங்களை விட்டால் அதிகம் வழியில்லை. நகரத்துக் கடைகளில் 4558 என்ற சாதாரணப் பெருக்கி ஐசி தாராளமாகக் கிடைக்கும். அதற்கு மேல் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆகவே நடந்ததை விபரமாகவே எழுதுகிறேன்.

நான் வடிவமைத்தது யூரோராக் (தனித்தனி மொடியூல்களைப் பூட்டி அமைக்கும்) சின்தசைசருக்கான ஒரு பிரீஅம்ப், அதாவது மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கித் தரும் மொடியூல். வீணைக் குடத்திலும் தவிலிலும் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பீசோ தகட்டை ஒட்டி, அந்த ஒலியைச் சின்தசைசரின் பில்டருக்குள் அனுப்ப வேண்டும். யூரோராக்கினுள் ஒலிச் சமிக்ஞை உச்சிக்கு உச்சி ஏறத்தாழ 10 வோல்ற். வீணையில் ஒட்டிய தகடு தருவதோ சில மில்லிவோல்ற்தான். அதிலும் பீசோ ஒரு விசித்திரமான பிராணி. 20 நானோபரட் கொள்ளளவம் உள்ள தகட்டை 10 கிலோ ஓம் உள்ளீட்டில் மாட்டினால் 800 ஹேட்ஸுக்குக் கீழே ஒலி மெலிந்துகொண்டே போகும். மந்தரத் தந்தி தகரம்போல ஒலிக்கும். உள்ளீடு 1 மெகா ஓம் என்றால் அந்த எல்லை 8 ஹேட்ஸுக்கு இறங்கிவிடும். அவ்வளவு பெரிய தடையுடன் வேலை செய்ய, உள்ளீட்டில் பெட் (FET, மின்னோட்டத்தை அநேகமாக எடுக்காத திரான்சிஸ்ரர் வகை) உள்ள ஒப்-அம்ப், அதாவது பெருக்கி ஐசி வேண்டும். ரிஎல்072 கூடப் போதும். ஆனால் அதன் இரைச்சல் ஹேட்ஸின் வர்க்கமூலத்துக்கு 18 நானோவோல்ற், ஒபிஏ2134 இல் 8. வீணைக்காக இரண்டாவதைத் தேர்ந்தேன்.

விற்பனையாளர் கேட்டது வழக்கமான விலையில் மூன்றிலொரு பங்கு. பழைய இருப்பு, அதனால் மலிவு என்றார். பணத்தை வங்கியில் வைப்பிலிட்டேன், பொதியும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. பலகையில் பொருத்திக் கேட்டபோது வீணை நாதம் தேயும் இடத்தில் ஒரு கரகரப்பு. தவிலில் வலந்தலைச் சொல்லின் கூர் மழுங்கியிருந்தது. இணுவிலில் தவில் வாசிக்கும் அண்ணை ஒருவர் ஒரு தடவை கேட்டதும், "தம்பி, இது நனைந்த தோல் மாதிரி இருக்கிறது" என்றார். நல்லூர்த் திருவிழா 25 நாளும் அவரைப் பிடிக்க முடியாது. கொடியேற்றத்துக்கு முன்னரே பதிவு செய்துவிட வேண்டும் என்ற அவசரம் வேறு.

விற்பனையாளருக்கு எழுதினேன். "எங்கள் சரக்கில் பிழையில்லை தம்பி, உங்கள் வடிவமைப்பைத் திரும்பப் பாருங்கள்" என்று பதில் வந்தது. காசு போனதை விட இந்தப் பதில்தான் என்னை எரித்தது. அதை நம்பி மின்வழங்கியைச் சந்தேகித்தேன், புவித்தொடுப்பை மாற்றினேன், பலகையின் செப்புத் தடங்களைக்கூட வெட்டி ஒட்டிப் பார்த்தேன். கோளாறு அசையவில்லை.

கடைசியில் ஐசியையே தனியாக பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் பாகங்களைக் குத்திப் பார்க்கும் பலகை) குத்தி அளந்தேன். ஒபிஏ2134 சும்மா இருக்கும்போதே ஏறத்தாழ 8 மில்லியம்பியர் இழுக்க வேண்டும். இது 1 மில்லியம்பியரைக்கூடத் தொடவில்லை. உள்ளீட்டை 1 மெகா ஓம் வழியாகப் புவியில் இணைத்து, பெருக்கமின்றி வெளியீட்டை அளந்தால் 30 மில்லிவோல்ற் நேர் அழுத்தம். உண்மையான ஐசியில் இது கூடினாலும் 2 மில்லிவோல்றைத் தாண்டாது. 30 வருகிறதென்றால் உள்ளீட்டுக் காலிலிருந்து பத்துக்கணக்கான நானோஅம்பியர் வெளியே ஓடுகிறது. உள்ளே இருப்பது பெட் அல்ல. சதுர அலை கொடுத்து அலைவுகாட்டியில் பார்த்தபோது மிச்சமும் வெளுத்தது. 10 வோல்ற் ஏறுவதற்கு 20 மைக்ரோசெக்கனுக்கு மேல் எடுத்தது; அசல் அரை மைக்ரோசெக்கனில் ஏறிவிடும்.

இத்தனை குணங்களும் எல்எம்358 என்ற மலிவான ஒப்-அம்புக்குப் பொருந்துகின்றன. சுழியத்தைக் கடக்கும்போது வெளியீடு இடறுவது அதன் பிரபலமான குறை. வீணையின் கரகரப்பு அங்கிருந்துதான். நூறு மடங்கு பெருக்கினால் அதன் அலைப்பட்டை 10 கிலோஹேட்ஸோடு சுருங்கிவிடும். வெப்பமானிச் சுற்றுக்கும் மின்கல மின்னேற்றிக்கும் அது அருமையான ஐசி. எல்எம்358 என்றே சொல்லி விற்றிருந்தால் வேறு வேலைக்கு நானே பத்து வாங்கியிருப்பேன்.

அசிற்றோனில் நனைத்த பஞ்சால் மேற்பரப்பைத் துடைத்தபோது கறுப்புப் பூச்சு கழன்று, அரத்தாள் தேய்த்த கீறல்கள் தெரிந்தன. எழுத்து அழிவதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். மையில் அச்சிட்ட அசல்களிலும் அது நடக்கும். பூச்சுக்குக் கீழே கீறல் இருந்தால்தான் சந்தேகம் வலுக்கும். அலைவுகாட்டி இல்லாதவர்களுக்கு மின்னோட்டச் சோதனையே போதும்: பிரெட்போர்ட், 12 வோல்ற் இருமுனை வழங்கி, ஒரு மல்ரிமீற்றர். பற்றவைப்பதற்கு முன்னர் செய்யுங்கள். ஆனால் என்ஈ5532 என்ற, உள்ளீட்டில் பெட் இல்லாத ஒப்-அம்பையும் ஒபிஏ2134 என்று எழுதி விற்கலாம். அதுவும் 8 மில்லியம்பியர்தான் இழுக்கும். அந்த இடத்தில் 1 மெகா ஓம் சோதனைதான் காட்டிக்கொடுக்கும்: வெளியீடு 200 மில்லிவோல்ற் அளவுக்கு எதிர்ப்பக்கம் சரியும்.

இந்த அளவீடுகளைப் படமெடுத்து அனுப்பினேன். விற்பனையாளர் முகநூலில் என்னைத் தடுத்துவிட்டார். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஆனால் கையில் பற்றுச்சீட்டு இருப்பது நல்லது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம். எனக்கு வந்த சீட்டில் "ஐசி" என்று மட்டுமே இருக்கிறது. நீங்கள் வாங்கும்போது பாகத்தின் முழு இலக்கத்தையும் உற்பத்தியாளர் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்; மறுத்தால் பணத்தை வைப்பிலிடாதீர்கள்.